மனைவியின் பெயரைப் பெற்ற பனிக்கரை

தேசப்படத்தில் ஒரு பெயரைப் பொறிப்பது உரிமை கோரலின் முதற்படி என்பதை வல்லரசுகள் நன்கறியும். அந்தாட்டிக்காவின் கரைகள் பல அரச குடும்பத்தினரின் பெயர்களைத் தாங்கி நிற்பது அதனாலேயே. ஆயினும், அங்குள்ள அடேலி நிலம் ஒரு மாலுமியின் மனைவி பெயரைக் கொண்டது.

பிரான்ஸின் நோர்மண்டியில் 1790 இல் பிறந்த ஜூல் டுமோன் டுர்வில், கடற்படை அதிகாரியாகவும் தாவரவியல் அறிஞராகவும் விளங்கியவர். 1837 இல் அஸ்ட்ரோலாப், செலே என்னும் இரு கப்பல்களுடன் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டார். முதல் முயற்சியைப் பனிக்கட்டிகள் முறியடித்தன. வாந்திபேதியால் மகன் இறந்த செய்தியும், திரும்பி வருமாறு மனைவி அடேல் விடுத்த வேண்டுகோளும் சிலியில் அவரை வந்தடைந்தன. அவர் திரும்பவில்லை. 1840 ஜனவரியில் பனி போர்த்த கரையொன்றைக் கண்டபோது, நெடிய பிரிவுகளைப் பொறுத்திருந்த மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். அங்கு வாழும் பென்குயின் இனமும் அப்பெயரையே பெற்றது.

1842 மே 8 ஆம் திகதி வெர்சேய் அருகே நிகழ்ந்த புகையிரத விபத்தில் அவரும் மனைவியும் எஞ்சியிருந்த மகனும் ஒன்றாக மாண்டனர்.

அக்கரை மீது பிரான்ஸ் பின்னர் கோரிய உரிமை, 1959 இல் கைச்சாத்தான அந்தாட்டிக்க உடன்படிக்கையால் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. பெயரோ நிலைத்திருக்கிறது. பயணம் போனவரையே வரலாறு பெரும்பாலும் எழுதுகிறது. காத்திருந்தவரையும் எழுத வைத்தவர் டுர்வில்.