ரத்தத்தட்டுக்கு ஒரு சத்து, ஒரு ஆபத்து: யார் இந்த சுப்பாராவ்?

வில்லியனூரோ பாகூரோ, முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்கும் பலரின் சீட்டில் இந்த ஜோடி இருக்கும்: மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமிலம். இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒருவரே, எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். உடன்பிறந்த இருவரை ஸ்ப்ரூ எனும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். பிறகு அமெரிக்கா. அங்கே லெடர்லி நிறுவனத்தில் அவரது குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூவுக்கும் மருந்தானது. அடுத்து, அதே சத்தைத் தடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட். 1948-ல், 53 வயதில் இறந்துபோனார்.

எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தட்டுகள் உருவாக ஃபோலேட் வேணும். கீரை, பயறுல அது இருக்கு. மெத்தோட்ரெக்ஸேட் அதைத் தடுக்கும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டால் தட்டுகள் சரிந்து ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. வலிக்குன்னு ஆஸ்பிரினும் சேர்ந்தால், மிச்சத் தட்டுகளும் சரியா ஒட்டாது.

அதனால எந்தக் கிழமை போடணும்னு டாக்டர்கிட்ட சீட்டிலேயே எழுதி வாங்கிக்கங்க.