மிகெல் தே செர்வாந்தேஸ்

மிகெல் தே செர்வாந்தேஸ் (1547 – ஏப்ரல் 22, 1616) எசுப்பானிய மொழியின் புகழ்பெற்ற புதின ஆசிரியரும் நாடக ஆசிரியரும் ஆவார். டான் குயிக்சோட் என்னும் புதினத்தை எழுதியவர். அதற்கு முன்பு ஐந்து ஆண்டுகள் அல்ஜியர்ஸ் நகரில் மீட்புத் தொகைக்காகப் பிடித்துவைக்கப்பட்டிருந்தார்.

இளமை

இவர் மத்ரித் அருகிலுள்ள அல்காலா தே எனாரெஸ் என்ற ஊரில் பிறந்தார். படைவீரராகச் சேர்ந்து 1571 ஆம் ஆண்டு லெப்பாந்தோ கடற்போரில் பங்கேற்றார். அதில் ஏற்பட்ட காயத்தால் இவரது இடக்கை செயலிழந்தது.

சிறைபிடிப்பு

1575 செப்டம்பரில் தம்பி ரொட்ரிகோவுடன் நேப்பிள்சிலிருந்து தாயகம் திரும்புகையில், கட்டலோனியக் கரைக்கு அப்பால் இவர்கள் சென்ற கப்பலைக் கடற்கொள்ளையர் கைப்பற்றினர். பதவி தேடுவதற்காக ஆஸ்திரியாவின் டான் குவான், செசா கோமகன் ஆகியோரிடமிருந்து பெற்ற பரிந்துரைக் கடிதங்கள் இவரிடம் இருந்தன. அவற்றைக் கண்ட தாலி மாமி என்ற கொள்ளைத் தலைவன், இவரைப் பெருஞ்செல்வர் எனக் கருதி 500 பொன் எஸ்குதோ விலை வைத்தான். அவ்வளவு பணம் இவரது குடும்பத்தாரிடம் இல்லை.

ஆனால் இவரது உயிரைக் காத்ததும் அந்த விலையே எனலாம். மீட்க ஆளில்லாத ஏழைக் கைதிகள் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டனர். பலர் அதிலேயே மடிந்தனர். பணம் தேறும் எனக் கருதப்பட்டவர்களைக் கொல்வது உரிமையாளருக்கு நட்டம். செர்வாந்தேஸ் நான்கு முறை தப்ப முயன்று நான்கிலும் தோற்றார். 1577 இல் தோட்டமொன்றின் குகையில் தோழர்களை ஒளித்துவைத்திருந்தபோது கூட்டாளி ஒருவன் காட்டிக்கொடுத்தான், தோட்டக்காரர் தூக்கிலிடப்பட்டார். அடுத்த முறை, ஒரான் நகருக்குக் கடிதம் கொண்டுசென்றவர் கழுவேற்றப்பட்டார். கடிதம் எழுதிய செர்வாந்தேசுக்கு விதிக்கப்பட்ட 2000 பிரம்படிகள் நிறைவேற்றப்படவில்லை. ஆளுநர் அசன் பாசா இவரை ஏன் விட்டுவைத்தார் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இம்முயற்சிகள் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி, 1580 இல் இவரே கேட்டுப் பதிவுசெய்வித்த சாட்சியங்களிலிருந்து கிடைப்பவை என்பதும் கருதத்தக்கது.

விடுதலை

குடும்பத்தார் முதலில் திரட்டிய பணம் தம்பியை மீட்க மட்டுமே போதியதாயிற்று. ரொட்ரிகோ 1577 இல் விடுதலையானார். 1580 செப்டம்பர் 19 அன்று, கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்படவிருந்த கப்பலில் செர்வாந்தேஸ் ஏற்றப்பட்டிருந்த நிலையில், திரித்துவ சபைத் துறவி குவான் கில் தொகையைச் செலுத்தி இவரை மீட்டார். குடும்பம் கொடுத்தது போக எஞ்சியது சபை நிதியிலிருந்தும் வணிகர்களிடம் பெற்றும் ஈடுகட்டப்பட்டது. இவர் கடனுடனேயே தாயகம் திரும்பினார்.

பிற்காலம்

டான் குயிக்சோட் முதல் பகுதி 1605 இலும் இரண்டாம் பகுதி 1615 இலும் வெளிவந்தன. முதல் பகுதியில் அல்ஜியர்சில் சிறைப்பட்ட ஒருவனின் கதை இடம்பெறுகிறது. மத்ரிதில் காலமான இவர், தம்மை மீட்ட திரித்துவ சபையைச் சேர்ந்த கன்னியர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.