அகதிகளின் தந்தை அருப்பே

திருக்குடும்பமே எகிப்தில் அகதியாய் வாழ்ந்தது. தாமும் நாடிழந்து, நாடிழந்தோருக்குத் தஞ்சமானவர் இறையடியார் பேத்ரோ அருப்பே அடிகளார். 1907இல் ஸ்பெயினில் பிறந்து, மருத்துவக் கல்வியைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்தார். 1932இல் அரசு அச்சபையைக் கலைக்கவே, தாயகத்தை விட்டு வெளியேறினார். பின்னர் யப்பானில் மறைப்பணியாற்றினார். 1945இல் ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு வீழ்ந்தபோது, நகரையடுத்திருந்த தம் நவதுறவியர் இல்லத்தையே மருத்துவமனையாக்கி, 100க்கும் மேற்பட்ட காயமுற்றோரைப் பேணினார்.

1965இல் சபையின் உலகத் தலைவரானார். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியோர் கடலில் மடிவதறிந்து உள்ளம் நொந்து, 1980இல் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். அது தமிழக முகாம்களில் வாழ்ந்த நம்மவரையும் அரவணைத்தது.

1981 ஓகஸ்டில் பாங்கொக்கில் அப்பணியாளரைச் சந்தித்து, செபத்தைக் கைவிடாதிருக்க வேண்டினார். உரோமை திரும்பியதும் பக்கவாதம் தாக்கிப் பேச்சுக் குன்றியது. 1991 பெப்ரவரி 5இல் இறைவனடி சேரும்வரை, நோயையே காணிக்கையாக்கினார்.

தஞ்சம் தேடி வருவோரில் இயேசுவைக் காணும் வரம் வேண்டுவோம்.