திருமலையில் நந்தவனம் கண்ட அனந்தாழ்வான்

திருவரங்கத்தில் ஸ்ரீ இராமாநுசர் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்து வருகையில், திருவேங்கடத்தைப் பாடும் மூன்றாம் பத்துப் பதிகம் வந்தது. அம்மலையிலேயே தங்கிப் புஷ்ப கைங்கரியம் செய்ய வல்லார் உண்டோ என்று கோஷ்டியை நோக்கி வினவினார். குளிரும் காடுமான மலை, யாவரும் வாளாவிருந்தனர். கன்னட நாட்டிலிருந்து வந்து அடிபணிந்திருந்த அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். ஆண்பிள்ளை இவரே என்று ஆசாரியர் உகந்தமையால் அனந்தாண்பிள்ளை என்னும் பெயரும் வாய்த்தது.

மல்லிகை வளர்த்தோர் அதன் அருமையை அறிவர். வேரில் நீர் தேங்கினால் அழுகும். கோடையில் நீர் குன்றினால் மொட்டு சிறுக்கும். பனிக்காலத்தில் கிளைகளைக் கவாத்துச் செய்தால்தான் புதுத் தளிரில் பங்குனி, சித்திரையில் அரும்பு திரளும். அரும்பையும் மலருமுன்னே பறித்தாக வேண்டும். மழைநீர் சரிந்தோடும் மலையில் பூந்தோட்டம் என்றால் முதலில் ஏரி வேண்டுமன்றோ? ஆகவே தாமே கடப்பாரை ஏந்தி ஏரி வெட்டினார். கருவுற்றிருந்த தேவியார் மண் சுமந்தார். ஏரிக்கும் தோட்டத்திற்கும் ஆசாரியர் திருநாமத்தையே இட்டார்.

ஆசாரியர் இட்ட பணியில் பிறர்க்குப் பங்கில்லை என்பது அவர் உறுதி. சிறுவன் ஒருவன் தேவியார் கூடையைப் பாதிவழியில் வாங்கிச் சுமப்பதைக் கண்டு சினந்து, கடப்பாரையை வீசினார். அது சிறுவன் முகவாயில் பட்டது. பின்னர்ச் சந்நிதியில் எம்பெருமானின் திருமுகவாயில் குருதி கண்டு பதறிப் பச்சைக் கற்பூரம் வைத்து அழுத்தினார். இன்றும் அவ்விடத்தில் கற்பூரம் சாத்தப்பெறுகிறது. அக்கடப்பாரையை மகாத்துவாரத்தில் சேவார்த்திகள் காணலாம்; கூட்ட நெரிசலில் பலர் பாராமலே கடந்துவிடுகின்றனர்.

ஒருநாள் மாலை தொடுக்கையில் எம்பெருமான் அழைத்தருளினான். தொடுத்து முடித்தே சென்றார். மலையைவிட்டுப் போகச் சொன்னால் என்செய்வீர் என்று எம்பெருமான் கேட்க, இது வராகப் பெருமானின் இடம், தேவரீர் சற்று முன்னே வந்தவர், அடியேன் சற்றுப் பின்னே வந்தவன். அனுப்பியவர் ஆசாரியர் என்றாராம். கைங்கரியத்தில் ஊன்றியவர்க்கே கூடும் துணிவு இது.

திருமலைக்குப் புஷ்ப மண்டபம் என்றே பெயர். அங்கு மலர் எல்லாம் எம்பெருமானுக்கே, மாந்தர் சூடுவதில்லை.

பிரம்மோற்சவம் நிறைவுற்ற மறுநாள் பாக் சவாரி உற்சவத்தில், மலையப்ப சுவாமி இடமாக எழுந்தருளி இத்தோட்டத்திற்கு வருகிறார். திருவாடிப்பூரத்தன்றும் இங்கு எழுந்தருள்கிறார். அனந்தாழ்வானாகவே கருதப்படும் மகிழமரத்திற்கு அன்று சடாரி மரியாதை நிகழ்கிறது.