முதல் விருது வாங்கிய ராஜவல்லிபுரத்துக்காரர்

நம் இந்துக் கல்லூரி என்றதும் புதுமைப்பித்தன் பேரைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்துவோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் தமிழுக்கு முதன்முதலாக சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர் யார் என்று கேட்டால் எங்கள் பி.எஸ்ஸி. செட்டில் முக்கால்வாசிப் பேர் முழிப்போம். பகுதி ஒன்று தமிழில் பாஸ் மார்க்குக்கு மேல் ஆசைப்படாத நானும் அதில் ஒருவன். கம்ப்யூட்டர் பிழைப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அந்த முதல் ஆளும் இங்கே இன்டர்மீடியட் படித்தவர் என்று. ரா.பி. சேதுப்பிள்ளை.

'ரா' என்பது ராஜவல்லிபுரம். தாமிரபரணிக் கரையில், செப்பறைக் கோயில் இருக்கிற ஊர். 'பி' என்பது தகப்பனார் பிறவிப்பெருமான் பிள்ளை. தாயார் சொர்ணம்மாள். 1896 மார்ச் 2-இல் பிறந்த பிள்ளை திண்ணைப் பள்ளியில் தொடங்கி, பாளையங்கோட்டை சேவியர் பள்ளி, நம் கல்லூரி, சென்னையில் பச்சையப்பன் கல்லூரி என்று படித்து, சட்டமும் முடித்தார். 1923-இல் நெல்லையில் வக்கீல் தொழிலுக்கு வந்து உட்கார்ந்தார்.

தொழிலோடு நகராட்சி மன்றத்திலும் இருந்தார். துணைத் தலைவராகவும் ஆனார். அப்போது அவர் பார்த்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாய்க்கு வாய் மாறிச் சிதைந்து போயிருந்த தெருப் பெயர்களுக்கு உண்மையான பெயரைத் தேடி நிலைக்கச் செய்தார். டவுனில் கூலக்கடைத் தெரு வழியாக எத்தனை தரம் சைக்கிளில் போயிருப்போம்! கூலம் என்றால் தானியம் என்று யாராவது யோசித்தோமா? காவற்புரைத் தெருவும் அப்படித்தான். ஆட்களைக் காவலில் வைத்த இடம்.

1930-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ் கற்பிக்கக் கூப்பிட்டது. வக்கீல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். வயது முப்பத்து நாலு. ஏறக்குறைய இப்போது என் வயது. ஓடிக்கொண்டிருக்கிற தொழிலை அந்த வயதில் விடுவது என்றால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பது எங்கள் செட்டுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆறு வருஷம் சிதம்பரத்தில். 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகம். அங்கே தமிழ்த் துறைக்குத் தலைமை வகித்தவர் வையாபுரிப் பிள்ளை. அவரும் நெல்லைச் சீமைக்காரர். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர் சேதுப்பிள்ளை. பாடம் முடிந்தால் சாயங்காலம் மேடை. கம்பராமாயணம், சிலப்பதிகாரம், திருக்குறள் என்று வருஷக்கணக்கில் தொடர் சொற்பொழிவு. எதுகை மோனை தானாக வந்து விழும் பேச்சு. தருமபுரம் ஆதீனம் சொல்லின் செல்வர் என்று பட்டம் கொடுத்தது.

இனி விருதுக்கு வருவோம். சாகித்ய அகாதெமி 1954 மார்ச்சில் டெல்லியில் தொடங்கியது. தலைவர் நேரு. மறு வருஷமே மொழிக்கு ஒரு நூல் என்று பரிசு. தொகை 5,000 ரூபாய். (இப்போது ஒரு லட்சம்.) 1955-இல் தமிழுக்கு வந்த முதல் பரிசு சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரை நூலுக்கு. அடுத்த வருஷம் 'அலை ஓசை'க்குக் கொடுத்தபோது கல்கி உயிரோடு இல்லை. 1957, 1959, 1960-இல் தமிழுக்கு விருதே கிடையாது. புதுமைப்பித்தனோ அகாதெமி பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே, 1948-இல் போய்விட்டார். ஒரே கல்லூரிக்காரர்கள் இருவரில் பட்டயம் வந்தது பேராசிரியருக்கு, கதைக்காரருக்கு வரவில்லை. தமிழறிஞர்களுக்கே தூக்கிக் கொடுக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு ரொம்ப நாள் இருந்தது. அதில் நியாயமும் உண்டு.

என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. 'தமிழின்ப'த்தை இன்று வாசித்தால் அலங்காரம் சற்றுத் தூக்கல்தான். காதால் கேட்கப் பிறந்த நடை, கண்ணுக்கு முன் களைத்துப்போகிறது. அதற்கு முன்பே அவர் எழுதிய 'ஊரும் பேரும்' அப்படி இல்லை. கல்வெட்டையும் பாட்டையும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிற புத்தகம். நகராட்சியில் தெருப் பெயர் தேடிய அதே மனுஷர். சரக்கு வந்திறங்கி வியாபாரம் நடக்கிற இடத்துக்குப் பேட்டை என்று பேர். பஸ்ஸில் இறங்கி கிளாஸுக்கு ஓடிய நாளில் அது நமக்கு வெறும் ஸ்டாப் பெயர்தானே!

1961 ஏப்ரல் 25-இல் சேதுப்பிள்ளை காலமானார். தாயார் சொர்ணம்மாள் பேரில் அவர் வைத்துவிட்டுப் போன அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பின்னாளில் புத்தகங்களாகவும் வந்தன. 1978-இல் வல்லிக்கண்ணனுக்கு அகாதெமி விருது கிடைத்தது. அவருக்கும் சொந்த ஊர் அதே ராஜவல்லிபுரம். ஜங்ஷனிலிருந்து பக்கம்தான். ரீயூனியனுக்கு வருகிற அண்ணாச்சிமார் மறுநாள் லீவு போட்டிருந்தால் சொல்லுங்கள், ஒரு வேன் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.