எல்லாக் கடலிலும் ஒரே உப்புக் கலவை... முதல்ல சொன்னது ஒரு டாக்டர்!

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியா 35 கிராம் உப்பு இருக்கு. கடலுக்குக் கடல் இந்த அளவு கூடும், குறையும். ஆனா அந்த உப்பில் உள்ள குளோரைடு, சோடியம், மெக்னீசியத்தின் விகிதம் கிட்டத்தட்ட மாறாது. இதை 1819-லேயே சொன்னவர் அலெக்சாண்டர் மார்செட்.

1770-ல் ஜெனீவாவில் பிறந்தவர். அரசியல் குழப்பத்தில் சிறைக்குப் போனார், நாடும் கடத்தப்பட்டார். எடின்பரோவில் மருத்துவம் படிச்சு, லண்டன் கைஸ் மருத்துவமனையில் டாக்டரானார். வேதியியல் ஆர்வத்தில் பல கடல்களின் நீரை வரவழைச்சு சோதிச்சார். 1822-ல் இறந்துட்டார்.

1884-ல், சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 மாதிரிகளை ஆராய்ந்து, மார்செட் சொன்னது சரிதான்னு உறுதிப்படுத்தினார் வில்லியம் டிட்மர். அதனாலதான் குளோரைடை மட்டும் அளந்தே மொத்த உப்பையும் கணக்கிட முடிஞ்சது.