வழிப்போக்கருக்குச் சோறிட்ட மன்னர்

குட்டீஸ், ராமேசுவரம் போக வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறி உட்கார்ந்துவிடுவீர்கள், இல்லையா? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. வசதி உள்ளவர்கள் பல்லக்கிலும் மாட்டு வண்டியிலும் போனார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் நடந்து வந்தவர்களும் உண்டு. வழியில் வெள்ளம், திருடர் பயம், காய்ச்சல், பசி என்று எத்தனையோ ஆபத்துகள்!

ராமேசுவரம் செல்லும் பாதை தஞ்சாவூர்ச் சீமை வழியாகவும் போனது. அங்கே பல இடங்களில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். அவற்றின் செலவுக்காகக் காவிரி பாயும் வயல்களின் வருமானத்தை ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சத்திரங்களை மூடவிடாமல் காத்தவர்தான் இரண்டாம் சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777ஆம் ஆண்டு பிறந்தார். தஞ்சை மன்னர் துளஜாவுக்குப் பிள்ளை இல்லாததால், 1787இல் இவரைத் தத்து எடுத்தார். அதே ஆண்டு துளஜா இறந்துபோனார். அப்போது சரபோஜிக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. துளஜாவின் தம்பி அமர்சிங் அரியணை ஏறினார். சிறுவன் சரபோஜியை அடைத்து வைத்தார், படிக்கவும் விடவில்லை. சுவார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார்தான் சரபோஜிக்குத் துணை நின்றார். 1793இல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆங்கிலம் முதலிய பாடங்களை ஆசையோடு கற்றார்.

1798இல் சரபோஜி மன்னரானார். ஆனால், மறு ஆண்டே ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. நாட்டின் நிர்வாகம் கம்பெனியிடம் போனது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும்தான் மன்னருக்கு மிஞ்சின.

அப்படியானால் சத்திரங்களின் கதி? வருமானம் நின்றால் அடுப்பு அணைந்துவிடும். வழிப்போக்கர்கள் எங்கே போவார்கள்? சரபோஜி கவலைப்பட்டார். 1801இல் கம்பெனி அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். சத்திரங்களில் நடக்கும் தர்மத்தை அதில் விவரமாக விளக்கினார்.

எந்தச் சாதிக்காரர் வந்தாலும் அங்கே உணவு உண்டு. கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சிய பால் உண்டு. நோயாளிகளுக்கு மருத்துவரும் மருந்தும் பத்தியச் சாப்பாடும் குணமாகும் வரை கிடைக்கும். கர்ப்பிணிகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் கவனித்துக்கொள்வார்கள். யாராவது இறந்துபோனால் அவர்கள் வழக்கப்படி இறுதிச் சடங்கும் செய்வார்கள். நள்ளிரவில் ஒரு மணி அடிக்கும். எதற்குத் தெரியுமா? சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டவர்களை அழைப்பதற்கு!

தஞ்சை தர்ம பூமி என்று பெயர் பெற்றிருப்பதே தமக்குப் பெரிய பெருமை என்று சரபோஜி அந்தக் கடிதத்தில் எழுதினார். கம்பெனியும் இணங்கியது. சத்திரங்கள் தொடர்ந்து நடந்தன.

அதோடு அவர் நிற்கவில்லை. தாம் நேசித்த முத்தம்மாளின் நினைவாக, 1802இல் ஒரத்தநாட்டில் புதிய சத்திரம் ஒன்றை ஏற்படுத்தினார். அதுதான் முக்தாம்பாள் சத்திரம். அங்கே பள்ளிக்கூடமும் நடந்தது.

பின்னாளில் மன்னரும் ஒரு வழிப்போக்கர் ஆனார். 1820இல் பெரும் பரிவாரத்துடன் காசி யாத்திரை புறப்பட்டார். திரும்பும்போது ஏராளமான சுவடிகளைக் கொண்டுவந்தார். அவை தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சேர்ந்தன. இன்றும் உலகின் பல பகுதிகளிலிருந்து அறிஞர்கள் அந்த நூலகத்தைத் தேடி வருகிறார்கள்.

1832ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி சரபோஜி காலமானார். 1855இல் அவருடைய மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். எஞ்சியிருந்த அரசும் கம்பெனி வசம் போனது.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகும்போது ஒரத்தநாட்டில் இறங்கிப் பாருங்கள். குதிரைகளும் சக்கரங்களும் செதுக்கிய, தேர் போன்ற அந்தச் சத்திரக் கட்டடம் இன்றும் நிற்கிறது. நாட்டை இழந்த மன்னர், முன்பின் தெரியாதவர்களின் பசிக்காகக் கம்பெனியிடம் வாதாடினார் என்பதற்கு அதுவே சாட்சி.